கோன் குறைவாக அசையட்டும்

வீட்டு சப்வூஃபரில் பேஸ் கலங்கிப்போவதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் தலையாயது கோன் அசைய வேண்டிய தூரம். ஒலியின் அளவு மாறாமல் அதிர்வெண் மட்டும் பாதியானால் கோனின் அசைவு நான்கு மடங்காக வேண்டும். மூடிய பெட்டியில் பொருத்தித் தரையில் வைத்த 12 அங்குல டிரைவர், திறந்தவெளியில் 1 மீட்டர் தொலைவில் 100 டெசிபல் தரவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 80 ஹெர்ட்ஸில் கோன் முன்னும் பின்னும் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் போனால் போதும். 40 ஹெர்ட்ஸில் அது 5 மில்லிமீட்டரை நெருங்கும். 20 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 19 மில்லிமீட்டர் ஆகிவிடும். கடையில் விற்கும் சாதாரண சப்வூஃபர்களுக்கு இந்தக் கடைசிக் கணக்கு எட்டாது. எட்டாததை எட்டச் சொல்லும்போதுதான் டிஸ்டார்ஷன் பிறக்கிறது.

கோனை அசைக்கும் வாய்ஸ் காயில் காந்த இடைவெளிக்குள் இருக்கும்வரை, வரும் மின்னோட்டத்துக்கு ஏற்ற விசையைத் தரும். அசைவு பெரிதானால் காயிலின் ஒரு பகுதி இடைவெளியை விட்டு வெளியேறும், விசை குறையும். அதே நேரத்தில் கோனைத் தாங்கும் ஸ்பைடரும் சரவுண்டும் விறைத்துக்கொண்டு அதைப் பின்னுக்கு இழுக்கும். இரண்டும் சேர்ந்து அலையின் உச்சிகளைத் தட்டையாக்கும். முன்பக்கமும் பின்பக்கமும் சமமாகத் தட்டையானால் மூன்றாம் ஹார்மோனிக், அதாவது அசலைப்போல் மூன்று மடங்கு அதிர்வெண் கொண்ட ஒலி, எழும். காயில் நடுவில் அமையாமல் ஒரு பக்கமே அதிகம் தட்டையானால் இரண்டாம் ஹார்மோனிக் எழும். தரையைப் பார்த்தபடி பொருத்திய கனமான கோன் ஆண்டுக்கணக்கில் தன் எடையால் தொங்கி, காயிலை நடுவிலிருந்து விலக்கிவிடுவது இந்த இரண்டாம் வகைக்கு நல்ல உதாரணம்.

ஹார்மோனிக் பத்து சதவீதம் என்றால் பத்தில் ஒரு பங்குதானே என்று தோன்றும். காது அப்படிக் கேட்பதில்லை. 1933இல் பெல் ஆய்வகத்தின் ஃப்ளெச்சரும் மன்சனும் வெளியிட்ட சம ஒலிப்பு வளைவுகள், பேஸ் பகுதியில் காது எவ்வளவு மந்தம் என்பதைக் காட்டின. இன்றைய தர அளவின்படி 20 ஹெர்ட்ஸ் காதில் விழத் தொடங்கவே சுமார் 78 டெசிபல் வேண்டும். 60 ஹெர்ட்ஸுக்கு 40 டெசிபல்கூட வேண்டாம். 90 டெசிபலில் ஒலிக்கும் 20 ஹெர்ட்ஸ் கேட்பு எல்லைக்கு 12 டெசிபல் மேலேதான் நிற்கிறது. அதன் மூன்றாம் ஹார்மோனிக் பத்து சதவீதம் இருந்தால், 60 ஹெர்ட்ஸில் 70 டெசிபல். எல்லைக்கு 30 டெசிபலுக்கு மேல் நிற்கிறது. பிழை அசலைவிட உரக்கக் கேட்கும். ‘செம பேஸ்’ என்று பலர் மெச்சுவது பெரும்பாலும் இந்த ஹார்மோனிக்கைத்தான்.

இதைச் சோதிக்கக் கருவி வேண்டியதில்லை. 25 ஹெர்ட்ஸ் சைன் ஒலியை மிகக் குறைந்த வால்யூமில் தொடங்கி மெல்ல ஏற்ற வேண்டும். நல்ல சப்வூஃபரில் முதலில் காற்று அழுத்தமாக, உடம்பில் படும் அசைவாக மட்டும் அது தெரியும். தெளிவான சுருதியோடு ஒரு உறுமல் கேட்கத் தொடங்கும் இடமே அந்தப் பெட்டியின் உண்மையான எல்லை. ஜன்னல் கண்ணாடி, பீரோ கதவு, ஷோகேஸ் தட்டு ஆகியவற்றின் கிடுகிடுப்பைக் கையால் அழுத்தி நிறுத்திவிட்டுக் கேட்பது அவசியம். இல்லையென்றால் அவற்றின் பழி டிரைவர் மேல் விழுந்துவிடும்.

டிஸ்டார்ஷனையும் அறையின் முழக்கத்தையும் குழப்பிக்கொள்வது மிகப் பரவலான தவறு. செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையும் பேஸை உள்வாங்காமல் திருப்பி அனுப்புகின்றன. நம் வீடுகளில் சாதாரணமாகக் காணும் 12 அடிக்கு 10 அடி அறையில் நீளவாக்கில் சுமார் 47 ஹெர்ட்ஸும் அகலவாக்கில் சுமார் 57 ஹெர்ட்ஸும் தேங்கி ஒலிக்கும். கூரையும் 10 அடி உயரம் என்றால் அதே 57 ஹெர்ட்ஸ் இரு திசைகளிலும் தேங்கி இன்னும் வலுக்கும். பாட்டில் அந்தச் சுரம் வரும்போதெல்லாம் ‘பொம்ம்’ என்று இழுத்துக்கொண்டே போகும். இதற்கு டிரைவரை மாற்றுவது வீண் செலவு. ஈக்வலைசரில் அந்த மேட்டைக் குறைப்பதே சரி. அப்படிக் குறைக்கும்போது அந்த அதிர்வெண்ணில் கோனின் அசைவும் குறைவதால் முழக்கத்தோடு டிஸ்டார்ஷனும் இறங்கும். பள்ளத்தை நிரப்ப ஏற்றுவது இதற்கு நேர் எதிர்: 6 டெசிபல் ஏற்றினால் அசைவு இரண்டு மடங்கு, பவர் நான்கு மடங்கு. சுவரில் பட்டுத் திரும்பும் அலை அசலை அழிக்கும் இடமே பள்ளம். அங்கே கூட்டிக் கொடுத்ததும் சேர்ந்தே அழியும். பள்ளத்துக்கு மருந்து இடமாற்றம்தான். உட்காரும் நாற்காலி இருக்கும் இடத்தில் சப்வூஃபரை வைத்து, பழகிய பேஸ் வரியை ஓடவிட்டு, சுவரோரமாகக் குனிந்து நகர்ந்து கேட்க வேண்டும். எல்லாச் சுரமும் சமமாகக் கேட்கும் இடத்தில் பெட்டி நிலைகொள்ளலாம்.

போர்ட் எனும் காற்றுக்குழாய் உள்ள பெட்டிக்குத் தனிக் கவனம் வேண்டும். 30 ஹெர்ட்ஸுக்கு ட்யூன் செய்த பெட்டியில், அந்த அதிர்வெண்ணில் கோன் அதிகம் அசையாது. போர்ட்டின் காற்றே வேலையைச் செய்யும். அதற்குக் கீழே இறங்கினால் கோனைத் தாங்கப் பெட்டிக்குள் காற்றழுத்தம் இருக்காது. ஒலி குறைய, கோன் மட்டும் வெறிகொண்டு அடிக்கும். திரைப்படங்களின் வெடிச்சத்தக் காட்சிகளில் காயில் தட்டும் ஓசை கேட்பது இதனால்தான். ட்யூனிங்குக்குச் சற்றுக் கீழிருந்து வெட்டும் சப்சானிக் ஃபில்டர் இல்லாமல் போர்ட் பெட்டியை இயக்கவே கூடாது. போர்ட்டுக்குள் காற்று நொடிக்கு 17 மீட்டரைத் தாண்டாமல் இருப்பது நல்லது. தாண்டினால் ‘புஸ்’ என்ற இரைச்சல் வரும். அகலமான குழாயும் வாய் விரிந்த முனையும் அதைத் தணிக்கும். குழாய் அகலமாகும்போது நீளமும் கூட்டினால்தான் ட்யூனிங் மாறாது.

ஆம்ப்ளிஃபயர் கிளிப் ஆவது பேஸை வறட்டுத்தனமாக்கும். அதைச் சரிசெய்ய கெயினை ஒழுங்காக வைத்தாலே பெரும்பாலும் போதும். நீண்ட நேரம் உரக்க ஓடினால் காயிலும் சூடாகும். செம்பின் மின்தடை 100 டிகிரி உயர்வுக்குச் சுமார் 39 சதவீதம் கூடுவதால் ஒலி சோர்ந்துவிடும். அப்போது வால்யூமைக் கூட்டுவது சூட்டைத்தான் கூட்டும்.

டிரைவரின் உள்ளமைப்பிலும் தீர்வுகள் உண்டு. காந்த அமைப்புக்குள் வைக்கும் செம்பு அல்லது அலுமினிய வளையம், காயிலின் இண்டக்டன்ஸ் அசைவோடு மாறுவதைக் கட்டுப்படுத்தும். 1970களில் ஃபிலிப்ஸ் கொண்டுவந்த ‘மோஷனல் ஃபீட்பேக்’ ஸ்பீக்கர்கள், கோனில் பொருத்திய உணரியைக் கொண்டு அசைவை அளந்து, பிழையை ஆம்ப்ளிஃபயரிலேயே திருத்தின. அருமையான வழி; ஆனால் காயில் இடைவெளியை விட்டு வெளியேறிய பிறகு எந்தத் திருத்தமும் பலிக்காது.

ஆகவே பணம் இருந்தால் அதைக் கோனின் சுமையைக் குறைப்பதில் செலவிட வேண்டும். ஒரே மாதிரியான இரண்டு சப்வூஃபர்கள் சேர்ந்து ஒலித்து, ஒலிகள் காதில் ஒரே ஃபேஸில் சேர்ந்தால், அதே ஒலிக்கு ஒவ்வொன்றின் கோனும் பாதி தூரம் அசைந்தால் போதும். 19 மில்லிமீட்டர் ஒன்பதரை ஆகிவிடும். எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் வைத்தால் அறையின் மேடுபள்ளங்களும் ஓரளவு சமனாகும். பழைய சப்வூஃபரை விற்றுப் பெரிதாக ஒன்று வாங்க நினைப்பவர், அதே மாடலில் இன்னொன்றை வாங்கிப் பக்கத்துணையாக வைப்பதே மேல்.