தனுஷ்கோடி: இரயில் தந்த ஊர், கடல் கொண்ட ஊர்

இராமேசுவரம் தீவுக்குச் சென்று வருவோர் பலர். அவர்களில் பெரும்பாலோர் தனுஷ்கோடியையும் பார்த்துவிட்டே திரும்புகின்றனர். இடிந்த சுவர்களுக்கு முன் நின்று படம் எடுத்துக்கொண்டு, "பேய் ஊர்" என்று பேசியவாறே வண்டி ஏறுகின்றனர். எங்கள் பங்கிலிருந்து சில குடும்பங்கள் சேர்ந்து புறப்பட்டபோது நாங்களும் அந்த எண்ணத்தோடுதான் சென்றோம். திரும்பும்போது அவ்வெண்ணம் மாறியிருந்தது. அதையே வாசக அன்பர்களோடு இங்குப் பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

மண்டபத்தைக் கடந்ததும் பாம்பன் பாலம். 2025ஆம் ஆண்டு ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தின் மீது எங்கள் வண்டி மெல்ல ஊர்ந்தது. இதற்கு முன்னோடியான பழைய பாலம் 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 2 கி.மீ. நடுவே கப்பல்கள் செல்வதற்காக, இரு கைகளை உயர்த்துவதுபோல் திறக்கும் தூக்கு ஒன்று அதில் இருந்தது. அதைத் தொழிலாளர்கள் தம் உடல் வலிமையால் நெம்பித் திறந்தனர். 2022 டிசம்பர் வரை அப்பாலம் வண்டிகளைத் தாங்கி நின்றது.

இவ்வளவு பெரும் பாலத்தைத் தென்னிந்திய இரயில்வே கட்டியதன் முதன்மையான நோக்கம் இலங்கைப் போக்குவரத்தே. அதற்கு முன் கொழும்பு செல்வோர் தூத்துக்குடியில் கப்பல் ஏறினர். பாலம் வந்தபின், சென்னையில் புறப்படும் போட் மெயில் நேரே தனுஷ்கோடித் துறைக்கு வந்து நின்றது. அங்கிருந்து நீராவிக் கப்பலில் சில மணி நேரம், மறுகரையில் தலைமன்னார். அங்குக் காத்திருக்கும் இரயிலில் ஏறினால் கொழும்பு. சென்னையில் வாங்கிய ஒரே பயணச்சீட்டுடன் கொழும்பு வரை செல்ல முடிந்தது. அந்நாளில் தனுஷ்கோடிக்குச் செல்வதே முதன்மைப் பாதை. இராமேசுவரம் பாம்பனிலிருந்து பிரிந்த கிளைப்பாதையில் இருந்தது.

இப்படித்தான் மணல் திட்டில் ஓர் ஊர் எழுந்தது. இரயில் நிலையம், சுங்கச் சாவடி, அஞ்சல் நிலையம், மருத்துவமனை, பள்ளி, கோவில், நமது ஆலயம் என எல்லாம் வந்தன. வண்டி வரும் நேரமே ஊர் விழிக்கும் நேரமாயிற்று.

அவ்வழியே சென்றவர்கள் யார்? அதிகாரிகளும் வணிகர்களும் சென்றனர். ஆனால் அவர்களைவிட மிகுதியாகச் சென்றவர்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலி வேலை தேடிப் போன நம் ஏழை மக்கள். அவர்கள் முதலில் மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டு, நோய் இல்லை என்று சோதிக்கப்பட்ட பின்பே கடல் கடக்க விடப்பட்டனர். கையில் ஒரு மூட்டை, இடுப்பில் ஒரு குழந்தை, நெஞ்சில் அச்சம். மலைநாட்டுத் தேயிலையின் வரலாற்றில் இந்த மணலில் நடந்து சென்ற கால்களுக்கும் பங்குண்டு.

இராமேசுவரத்திலிருந்து பேருந்தில் ஏறினோம். 2017இல் திறக்கப்பட்ட சாலை அரிச்சல்முனை வரை நீள்கிறது. இருபுறமும் கடல். வழியில் இறங்கி மணலில் நடந்தோம். நீராவி எஞ்சின்களுக்கு நீர் தந்த தொட்டியின் எச்சம், இரயில் நிலையச் சுவர்கள், சற்றுத் தள்ளி ஆலயம். பவளக் கற்களால் எழுப்பிய சுவர்கள் நிற்கின்றன, கூரை இல்லை. பீடம் இருந்த பகுதியை அடையாளம் காண முடிகிறது. எங்களோடு வந்த சிறுவர்கள்கூட அங்குத் தாமாகவே பேச்சை நிறுத்திவிட்டனர்.

1964 டிசம்பர் 22. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு இன்னும் மூன்றே நாள்கள். அன்றிரவு பெரும் புயல் தீவைத் தாக்கியது. நள்ளிரவையொட்டிப் பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் வண்டி, நூற்றுக்கும் மேற்பட்டோருடன் தனுஷ்கோடியை நெருங்கிக்கொண்டிருந்தது. நிலையத்துக்குச் சற்று முன்பாக எழுந்த பேரலை வண்டியை அப்படியே கவிழ்த்தது. அதில் இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. ஊரையும் கடல் மூடியது. மாண்டோர் தொகை ஆயிரத்தைத் தாண்டியது. தந்திக் கம்பிகள் அறுந்துபோனதால் செய்தி வெளியுலகை எட்டவே காலம் ஆயிற்று. பாலாடைப் பருத்தி ஒட்டிக் குடில் கட்டக் காத்திருந்த வீடுகளில் அவ்வாண்டு குடில் இல்லை, வீடும் இல்லை.

பின் நடந்தது சிந்திக்கத்தக்கது. புயலில் சிதைந்த பாம்பன் பாலத்தைப் பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாள்களில் சீரமைத்தார்கள். அது வியக்கத்தக்க சாதனை, அவ்வுழைப்பைப் போற்றுகிறோம். ஆனால் பாலத்தைத் தாண்டி இரயில் தனுஷ்கோடிக்குத் திரும்பவில்லை. ஊர் வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்தது. கப்பல் போக்குவரத்து இராமேசுவரத்துக்கு மாறியது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறீமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவாயிற்று. ஒரு காலத்தில் தனுஷ்கோடி வழியே சென்றவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் இராமேசுவரத்தில் வந்து இறங்கினர். 1984இல் அக்கப்பலும் நின்றது.

அப்படியானால் இது ஆளற்ற ஊரா? ஆலயத்துக்கு அப்பால் ஓலைக் குடிசைகளைக் கண்டோம். எழுபதை எட்டும் மூதாட்டி ஒருவர் மணலில் தோண்டிய ஊற்றிலிருந்து அகப்பையால் நீர் மொண்டுகொண்டிருந்தார். இரு கடலுக்கு நடுவே சுவையான நன்னீர்! எங்களுக்கும் தந்தார்.

"புயலுக்குப் பின்னும் ஏன் ஆத்தா இங்கேயே இருக்கிறீர்கள்?" என்று கேட்டோம்.

"ரயிலுக்காக வந்தவுக ரயிலோட போயிட்டாக தம்பி. நாங்க கடலுக்காக இருந்தவுக. கடலு எங்கேயும் போகலையே" என்றார். சற்று நேரம் கழித்து, "எங்கக்காளையும் அந்தக் கடலுதான் கொண்டுபோச்சு" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

எங்களுக்கு மறுமொழி எழவில்லை. நாம் "பேய் ஊர்" என்று அழைப்பது அவருக்கு இல்லம். நாம் படம் எடுக்கும் சுவர்கள் அவருடைய அக்காளின் கல்லறைக்கு ஈடானவை. இரயில் தந்த வாழ்வு 50 ஆண்டுகள் நீடித்தது. இரயிலுக்கு முன் இருந்த மீனவர் வாழ்வு இன்றும் வலை உலர்த்துகிறது.

ஆகவே அங்குச் செல்லும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆலயச் சுவரில் பெயர் கிறுக்காதீர்கள். ஒரு கல்லையும் நினைவுப் பொருளாக எடுத்து வராதீர்கள். அங்கு வாழும் மக்களிடம் ஏதேனும் வாங்குங்கள்; ஒரு சொல் பேசுங்கள். செல்ல இயலாதவர்கள், டிசம்பர் 22 இரவு குடில் அமைக்கும் வேலைக்கு நடுவே, அவ்வண்டியில் சென்றவர்களுக்காகவும் அம்மணலில் உறங்குபவர்களுக்காகவும் குடும்பச் செபத்தில் ஓர் அருள் நிறைந்த மரியே சொல்லுங்கள். அவர்களில் பலரின் பெயர் நமக்குத் தெரியாது. இறைவனுக்குத் தெரியும்.