ஐடிலில் உதறும் வண்டி: சில குறிப்புகள்

வண்டி: மெர்சிடிஸ் டபிள்யூ123 வரிசையில் 230ஈ. 1980-இல் வந்தது. நாலு சிலிண்டர், 2.3 லிட்டர். பெட்ரோல் ஊட்டுவது போஷ் நிறுவனத்தின் கே-ஜெட்ரானிக். ஓட்டத்தில் குறையில்லை, சிக்னலில் நின்றால் மட்டும் ரியர்வியூ கண்ணாடி நடுங்குகிறது. இந்த வயசு வண்டிகளில் அடிக்கடி கேட்கிற புகார் இது.

*

இன்ஜெக்‌ஷன்தான், ஆனால் கம்ப்யூட்டர் கிடையாது. ஸ்கேனரைச் செருக இடமே இல்லை. இன்ஜெக்டர்கள் விட்டுவிட்டுத் திறப்பவை அல்ல. இன்ஜின் ஓடும்வரை விடாமல் தூவிக்கொண்டே இருப்பவை. 1973-இல் போர்ஷே 911-இல் வந்த ஏற்பாடு.

உள்ளே இழுபடும் காற்று ஒரு வட்டத் தகட்டை நகர்த்துகிறது. தகட்டோடு சேர்ந்த நெம்புகோல் ஒரு பிளஞ்சரை மேலே தள்ளுகிறது. பிளஞ்சர் ஏறிய அளவுக்குப் பெட்ரோல். அதன் தலைமேல் எதிர் அழுத்தமாகவும் பெட்ரோல்தான் நிற்கிறது: கன்ட்ரோல் பிரஷர். மொத்தத்தில் ஒரு தராசு.

*

தகட்டைத் தாண்டி வேறு வழியில் புகும் காற்று கணக்கில் சேராது. அதற்குரிய பெட்ரோலும் கிடைக்காது. ஐடிலில் இன்ஜின் இழுப்பதே கொஞ்சம் காற்று. அப்போது சின்ன ஓட்டைகூடப் பெரிய பங்கு. வேகத்தில் அதே ஓட்டை இருக்குமிடம் தெரியாது. "ஓட்டினா நல்லாத்தான் இருக்கு" என்பதற்குப் பாதி விளக்கம் இதுதான்.

*

ஸ்பேனரைத் தொடுமுன் ஒரு கேள்வி: உதறல் எப்போது?
குளிர்ந்த இன்ஜினில் மட்டும் என்றால் வார்ம்-அப் ரெகுலேட்டர், கூடுதல் காற்று வால்வு.
சூடான பிறகு மட்டும், அதோடு கறுப்புப் புகையும் பெட்ரோல் வாடையும் என்றால், ஒழுகும் கோல்ட் ஸ்டார்ட் வால்வு. கழற்றிப் பார், முனை ஈரமாக இருக்கக் கூடாது.
எப்போதும் என்றால் ஸ்பார்க், கம்ப்ரஷன், ஏர் லீக். இந்த வரிசையில்.

*

ஸ்பார்க். பெட்ரோல் கோளாறு என்று வருவதில் பல, கடைசியில் பிளக்கிலோ ஒயரிலோதான் முடியும். டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பைக் கழற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். இரண்டு முனைகளுக்கு நடுவே கரிக்கோடு மயிரிழையாக ஓடியிருந்தால் ஸ்பார்க் அந்த வழியே தப்பிவிடும். ரோட்டர் முனையையும் பார்த்துவிடு.

எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை? ஒவ்வொன்றாக ஸ்பார்க்கை நிறுத்திப் பார்ப்பது பழைய முறை. எதை நிறுத்தியும் சத்தம் மாறவில்லையோ அதுதான் குற்றவாளி. ஓடும் இன்ஜினில் வெறுங்கையால் ஒயரைப் பிடுங்கக் கூடாது. எலக்ட்ரானிக் இக்னிஷன் ஆளையே தூக்கி அடிக்கும். இன்ஜினை அணைத்துவிட்டு அந்த ஒயரைக் கழற்றி எர்த் கொடு, பிறகு ஸ்டார்ட் செய்.

கம்ப்ரஷன் நாலிலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தாழ்ந்தால் பெட்ரோல் பக்கமே போக வேண்டாம்.

*

ஏர் லீக் தேட ஒரு ஓசிச் சோதனை: ஐடிலில் ஆயில் மூடியைத் திற. கே-ஜெட் நன்றாக இருந்தால் இன்ஜின் தள்ளாடும், நின்றும் போகலாம். எந்த மாற்றமும் இல்லையென்றால் ஏற்கெனவே வேறெங்கோ காற்று புகுந்துகொண்டிருக்கிறது.

பார்க்க வேண்டியவை: காற்றளவிக்குக் கீழே உள்ள ரப்பர் பூட் (விரிசல் அடிப்பக்கத்தில் இருக்கும், மேலிருந்து தெரியாது, விரலை விட்டுத் தடவ வேண்டும்). பிரேக் பூஸ்டர் ஹோஸ். டிப்ஸ்டிக் ரப்பர். இன்ஜெக்டர்களின் அடியிலுள்ள ரப்பர் வளையங்கள்.

இந்த வளையங்களைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஹெட் சூட்டில் வருஷக்கணக்காக வெந்து, ரப்பர் கல்லாக இறுகிவிடும். இன்ஜெக்டரை இழுத்ததும் வளையம் வளையாது. நகம் பட்டாலே துண்டு துண்டாக உதிரும். ஹெட்டில் விழாமல் பார்த்துக்கொள். நாலையும் சேர்த்தே மாற்று.

கார்ப் கிளீனர் ஸ்ப்ரே சந்தேக இடத்தில் பட்டு ஐடிலிங் மாறினால் ஓட்டை அங்கே. சூடான எக்ஸாஸ்ட் பக்கம் அடிக்காதே; பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும்.

*

இதெல்லாம் சரியான பிறகே பிரஷர் கேஜ். சிஸ்டம் பிரஷர் சுமார் 5 பார். கன்ட்ரோல் பிரஷர் குளிரில் தாழ்ந்து நின்று, வார்ம்-அப் ரெகுலேட்டர் சூடேற ஏற, மூன்றரை பார் பக்கம் வர வேண்டும். ஏறாவிட்டால் ரிச் (பெட்ரோல் அதிகம்). அளவுக்கு மேல் போனால் லீன் (பெட்ரோல் குறைவு). ரெகுலேட்டர் வாயிலுள்ள குட்டி வலை அடைத்தாலும் கணக்கு கெடும்.

தகட்டை விரலால் அசைத்தால் ஒரே சீராக எதிர்க்க வேண்டும். நடுவில் சிக்கினால் பிளஞ்சரில் பிசின்.

*

பெட்ரோலும் மாறியிருக்கிறது: ஜெர்மனியில் 2011-இல் 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தது. எக்ஸாஸ்டை அளக்கும் லாம்டா சென்சார் இல்லாத கே-ஜெட்டுக்கு அது தெரியாது. கலவை கொஞ்சம் லீனாகும். பழைய ரப்பருக்கும் எத்தனால் ஆகாது.

*

3 மி.மீ. ஆலன் கீ, அதாவது கலவை ஸ்க்ரூ. கைக்கு முதலில் எட்டுவது, தொட வேண்டியது கடைசியில். ஏர் லீக்கை வைத்துக்கொண்டே ரிச் பக்கம் திருப்பினால் ஐடிலிங் அடங்கும். உடனே நோய் போனதாகத் தோன்றும். பிறகு வேகத்தில் பெட்ரோல் வீணாகும், பிளக் கரி பிடிக்கும், அடுத்து வருபவனுக்குக் கோளாறு இரண்டாகும்.

முறை: எக்ஸாஸ்டில் கேஸ் மீட்டர் வை. துளி திருப்பு. கீயை வெளியே எடு. ஆக்சிலரேட்டரை ஒருமுறை தட்டு, முள் நிற்கும்வரை காத்திரு. கீ உள்ளே இருக்கும்போது ரெய்ஸ் செய்தால் நெம்புகோல் கெடும்.

அரைச் சுற்றுக்கு மேல் திருப்ப வேண்டி வந்தால், ஸ்க்ரூவைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு மறுபடி ஆயில் மூடியிலிருந்து தொடங்கு.