இடாப்பில் என் பெயர்

2018 பிரதேச சபைத் தேர்தலில்தான் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. பட்டியலை நிரப்ப ஆள் தேடி என் வீட்டுக்கும் வந்தார்கள்.

"அக்கா, கையெழுத்தை வையுங்கோ. மிச்சத்தை நாங்கள் பார்க்கிறம்."

சம்மதித்தேன். ஆனால் எங்கள் பிரதேச வாக்காளர் இடாப்பில் என் பெயர் இல்லை. இடம்பெயர்ந்து திரும்பிய பின் நான் பதியவில்லை. அதனால் அம்முறை நான் வேட்பாளராகவில்லை.

அடுத்த இடாப்புத் திருத்தத்தின்போது கிராம சேவகரிடம் படிவம் கொடுத்தேன்.

2025 இல் சுயேச்சைக் குழுவொன்றில் சேர்ந்தேன். நியமனப் பத்திரத்தை வரிவரியாக நானே வாசித்தேன். சத்தியப்பிரமாணத்திலும் கையொப்பமிட்டேன். இறுதி நாள் நண்பகல் 12 மணிக்கு முன் எங்கள் குழுத் தலைவி அதனைக் கச்சேரியில் கையளித்தார்.

தேர்தலில் தோற்றேன். ஆயினும் இம்முறை என்னை யாரும் பட்டியல் நிரப்பக் கூப்பிடவில்லை, நானாகப் போனேன். சகோதரிகளே, முதலில் இடாப்பில் உங்கள் பெயரைத் தேடுங்கள்.