முதல் ஒன்று எங்கே?

பூஜ்யங்களும் ஒன்றுகளுமாக அறுபத்துநான்கு இலக்கங்கள் வரிசையில் நிற்கின்றன. இடப்புறமிருந்து பார்த்துக்கொண்டு போனால் முதல் ஒன்று எந்த இடத்தில் இருக்கிறது? கேள்வி இவ்வளவுதான். தாடிக்கொம்பை ஒட்டிய அகரத்தைச் சேர்ந்த நாங்கள் மூவரும் பொறியியல் இறுதியாண்டில் ஓர் அரையாண்டை இதற்கே கொடுத்தோம் என்றால் ஊரில் சிரிப்பார்கள். சிரிக்கவும் செய்தார்கள்.

கேள்வி அற்பமானதன்று. நெருங்கிய இரண்டு மிதவைப் புள்ளி எண்களைக் கணிப்பொறி கழிக்கும்போது விடையின் தலைப்பக்கம் பூஜ்யங்களாக வந்து நிற்கும். அவற்றை எண்ணி, அத்தனை இடம் விடையை நகர்த்திய பிறகே அடுத்த வேலை. 2003 இறுதியில் வெளியான லினக்ஸ் 2.6, அடுத்து எந்தப் பணியை ஓட்டுவது என்பதை 140 முன்னுரிமைகளுக்கான பிட் வரிசையில் முதல் ஒன்றைத் தேடியே தீர்மானித்தது (2007இல் அம்முறை கைவிடப்பட்டது). 1985இல் வந்த இன்டெல் 80386இல் இதற்கென்றே கட்டளை உண்டு. ஆனால் அது ஒவ்வொரு பிட்டாகத் தட்டிப் பார்த்துக்கொண்டு போகும்; பத்துத் துடிப்பு ஆரம்பச் செலவு, கடக்கும் ஒவ்வொரு பூஜ்யத்துக்கும் மேலும் மூன்று.

எங்களுடைய முதல் சுற்றும் அப்படித்தான் இருந்தது. "எனக்கு முன்னால் ஒன்று வரவில்லை" என்ற செய்தியை ஒவ்வொரு பிட்டும் தனக்கு அடுத்ததிடம் கைமாற்றும். பந்தியில் சாம்பார் வாளி கடைசி இலைக்கு வந்து சேரும் கதைதான். செய்தி அறுபத்துநான்காம் பிட்டை எட்டுமுன் கடிகாரம் அடுத்த துடிப்புக்குப் போய்விடும். விடை சரி, வேகம் இல்லை என்று மதிப்பீட்டில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்று வாரம் கெடு. அதைத் தவறவிட்டால் மூவருக்கும் அந்த ஆண்டு பட்டம் இல்லை.

எங்களில் ஒருவனுடைய தந்தை பூட்டுத் தொழிலாளி. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற அதே திண்டுக்கல் பூட்டுதான். அன்று அதற்கு அப்படியொரு மரியாதை இருக்கவில்லை. அலிகார் பூட்டு விலையில் அடித்துக்கொண்டிருந்தது. பட்டறையில் உட்கார்ந்து எங்கள் துயரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் திறந்து கிடந்த ஒரு பூட்டைக் காட்டினார். உள்ளே அடுக்கடுக்காக நெம்புத் தகடுகள். சாவி திரும்புகையில் அத்தனையும் ஒருசேர எழும்ப வேண்டும்; ஒன்று கூடினாலும் குறைந்தாலும் தாழ் நகராது.

"பூட்டு ஒவ்வொண்ணாக் கேக்காது தம்பி. எல்லாத்தையும் ஒரே நேரத்துல கேக்கும்" என்றார்.

உவமை பாதி வழிதான் வந்தது. எல்லாரும் சரியா என்று பூட்டு கேட்கும். முதலில் நிற்பவர் யார் என்று கேட்காது. மீதி வழிக்கு அவருடைய மகனின் யாப்பிலக்கணம் உதவியது என்று சொன்னால் நம்பக் கடினம். பள்ளியில் தமிழ் ஐயா நெட்டுருப் போடவைத்த வாய்பாடு அது. ஒன்றை நேர் என்றும் பூஜ்யத்தை நிரை என்றும் வைத்துக்கொண்டு பிட்டுகளை இரண்டிரண்டாகப் பிரித்தான். தேமாவோ கூவிளமோ வந்தால் முதல் ஒன்று இடப்பக்கம். புளிமா வந்தால் வலப்பக்கம். கருவிளம் வந்தால் அந்தச் சீரில் ஒன்றே இல்லை.

இனி ஒவ்வொரு சீரும் இரண்டே சேதிகளை மேலே அனுப்பினால் போதும்: என்னிடம் ஒன்று உண்டா, உண்டெனில் எந்த இடம். இரண்டு சீர்கள் கூடும் இடத்தில், இடப்பக்கச் சீரிடம் ஒன்று இருந்தால் அதன் முகவரியை எடுத்துக்கொண்டு முன்னால் பூஜ்யம் சேர்க்க வேண்டும். இல்லையெனில் வலப்பக்கத்து முகவரியோடு ஒன்று. நான்கு எட்டாகும், எட்டு பதினாறாகும். அறுபத்துநான்கு பிட்டுகளுக்கு ஆறே படிகள். எல்லாச் சீர்களும் ஒரே வேளையில் பேசுகின்றன. பூட்டுக்காரர் சொன்னது இந்த இடத்தில் பலித்தது.

இரண்டாம் முறை கடிகாரத்துக்குள் அடங்கியது. பட்டம் கிடைத்தது. அவன் மட்டும் பெங்களூருக்கு எங்களுடன் வரவில்லை. தந்தையின் பார்வை மங்கிக்கொண்டிருந்தது. தகடு ராவ ஆள் வேண்டும். போகச் சொல்லி அவரே வற்புறுத்தியும் கேட்கவில்லை.

எங்கள் மரம் எங்களுடையதன்று என்பது வெகுகாலம் கழித்தே தெரிந்தது. வோயின் ஓக்லோப்ஜியா என்பவர் 1994லேயே இதே கட்டமைப்பை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டிருந்தார். 2014இல் சென்னை ஐ.ஐ.டி.யில் தொடங்கிய சக்தி செயலி பின்பற்றும் ரிஸ்க்-ஃபைவ் கட்டமைப்பிலும், முன்பூஜ்யங்களை எண்ணும் கட்டளை 2021இல் முறைப்படி சேர்க்கப்பட்டது.

சென்ற ஐப்பசியில் முத்தாலம்மன் திருவிழாவுக்கு ஊருக்குப் போனபோது அந்தக் கட்டுரையை அச்செடுத்துக் கொண்டுபோனோம். சற்றுத் தயக்கமாகத்தான் இருந்தது. பட்டறை வாசலில் நின்றபடியே அவன் படத்தை நெடுநேரம் பார்த்தான். பிறகு காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, அடிவரிசைப் பெட்டிகளின் கீழே தேமா, கூவிளம், புளிமா, கருவிளம் என்று எழுதி எங்களிடமே திருப்பிக் கொடுத்தான்.