கருத்த கத்தாழை

தரங்கம்பாடிக்குப் போகிறவர்கள் டேனிஷ் கோட்டையைப் பார்ப்பார்கள். 1706-ல் சீகன்பால்கு வந்து இறங்கியதை நினைத்துக்கொள்வார்கள். 1718-ல் அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்துக்குள் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு வருவார்கள். எனக்கு அங்கே ஞாபகம் வருகிறவர் வேறொரு பாதிரியார். கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் என்று பெயர். 1771-ல் வந்தவர், 1813-ல் காலமாகும்வரை அந்த ஊர்க்காரராகவே இருந்துவிட்டார். பள்ளிக்கூடம் நடத்தினார், பிரசங்கம் செய்தார். அதெல்லாம் மற்றப் பாதிரிமார்களும் செய்ததுதான். இவருக்கு மீன் பைத்தியம்.

மீனவர்கள் வலையை உதறும்போது அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இவர் பக்கத்தில் நின்றிருப்பார் என்று கற்பனை செய்துகொள்கிறேன். கதை எழுதுகிறவனுக்கு அந்த உரிமைகூடவா இல்லை? கிடைத்த மீன்களைப் பதப்படுத்தி, பெர்லினில் ப்ளாக் என்ற யூத வைத்தியருக்கு அனுப்பி வைத்தார். ப்ளாக் 1793-ல் கத்தாழை மீனில் ஒரு வகைக்கு 'ஜானியஸ்' என்று பாதிரியாரின் பெயரையே சூட்டிவிட்டார். அதில் ஒன்று 'ஜானியஸ் கருட்டா'. கருட்டா வேறொன்றுமில்லை, நம் 'கருத்த'தான். கருத்த கத்தாழை. தரங்கம்பாடிக் கரையில் யாரோ ஒரு மீனவன் சொன்ன சொல், லத்தீன் வேஷம் போட்டுக்கொண்டு இன்றும் விஞ்ஞானப் புத்தகங்களில் உலாவுகிறது.

கத்தாழையைக் கழுவிய பெண்களுக்குத் தெரியும்: அதன் தலைக்குள் இரண்டு வெள்ளைக் கற்கள் இருக்கும். மீனின் காதுக்குள் வளர்கிறவை அவை. மரத்தை அறுத்தால் தெரிகிற மாதிரி அந்தக் கல்லை அறுத்தாலும் வளையம் வளையமாகத் தெரியும். எண்ணினால் மீனின் வயசைச் சொல்லிவிடலாம். குஞ்சாக இருக்கும்போது நாளுக்கு ஒரு வளையம் கூடுகிறதாம். யாரும் பார்க்காத இருட்டுக்குள், ஒரு கத்தாழைக் குஞ்சின் நாட்கணக்கு தப்பாமல் எழுதப்பட்டு வருகிறது! ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த வாக்கியங்கள் எதுவும் தராத நடுக்கத்தை இது எனக்குத் தந்தது.

ஆனால் 2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி வந்ததும் அதே கடல்தானே? கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டார்கள். வேளாங்கண்ணியில் மாதா கோயிலுக்குள் தண்ணீர் புகவில்லை, அற்புதம் என்றார்கள். இருக்கலாம். கரையில் செத்துப்போன யாத்திரிகர்களும் மாதாவைத் தேடி வந்தவர்கள்தான். அந்த அற்புதத்தை என்னால் வாய்விட்டுச் சொல்ல முடிந்ததில்லை. அதற்குப் பிறகு வெகு காலம், சபையில் சிருஷ்டியைப் புகழ்கிற பாட்டு வந்தால் சும்மா நிற்பேன். பக்கத்தில் என் மனைவி பாடிக்கொண்டிருப்பாள்.

பத்துப் பிள்ளைகளையும் பறிகொடுத்த யோபு, ஏன் என்று கேட்கிறான். ஆண்டவர் காரணமே சொல்வதில்லை. கடலைக் காட்டுகிறார், மலையாட்டையும் தீக்குருவியையும் காட்டுகிறார். வாலிபத்தில் இது எனக்கு வெறும் தட்டிக்கழிப்பாகத் தோன்றியது. இன்றைக்கும் அதைப் பதில் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒன்று: நியாயம் பேசிய நண்பர்கள்மேல்தான் அவருக்குக் கோபம் வருகிறது. கேள்வி கேட்டவன் பக்கம் அவர் நிற்கிறார். இப்போது நானும் பாடுகிறேன், மெதுவாக.

போன வருஷம் தரங்கம்பாடியில் ஒரு அம்மாளிடம் கத்தாழை வாங்கினேன். அந்த அலையில் மகளைப் பறிகொடுத்தவர் என்று பேச்சோடு பேச்சாகத் தெரிந்தது. வீட்டுக்காரர் மறுபடி எப்போது கடலுக்குப் போனார் என்று கேட்டேன்.

"ஆறு மாசம் அந்தப் பக்கமே திரும்பல. அப்புறம் போயிட்டாரு."

"உங்களுக்குக் கடல்மேல கோபம் இல்லையாம்மா?"

"இருக்கு சார். இல்லாம இருக்குமா?" என்றார், அரிவாள்மணையிலிருந்து கண்ணை எடுக்காமல். மீனின் தலை தனியாக விழுந்தது. "தலையையும் போடவா?"

"போடுங்க."

"உள்ள கல்லு இருக்கும், பாத்துச் சாப்பிடுங்க."