விண்டாலு திறந்த ஜன்னல்

திருவனந்தபுரத்தில் நாலே மேசை போட்ட சின்ன போர்த்துகீசிய உணவகம். முதல் முறையாகப் போயிருந்தேன். பட்டியலில் எனக்குத் தெரிந்த ஒரே பெயர் விண்டாலு. வந்த தட்டில் உருளைக்கிழங்கைத் தேடினேன். பரிமாறியவர் சிரித்தார்: "அது கிழங்கல்ல சாரே, பூண்டு!" போர்த்துகீசியரின் மதுவும் பூண்டும் சேர்ந்த பெயர்தான் அப்படித் திரிந்ததாம். கோவாவில் மதுவுக்குப் பதில் காடி சேர்ந்தது. மிளகாயும் ஏறியது. அந்த மிளகாயையும் இங்கே கொண்டு வந்தவர்கள் அவர்களே. அயல் சுவை தேடிப் போன எனக்குக் கிடைத்தது பழகிய புளிப்பும் காரமும்தான்.

கூச்சமாக இருந்தது. தமிழ் முதுகலை படித்த மிடுக்கில், அலுவலக இளைஞர் ஒருவர் எழுதும் ‘ஜன்னலை’ எல்லாம் அடித்துச் ‘சாளரம்’ ஆக்கி வந்தவன் நான். போர்த்துகீசியச் சொல் என்பது காரணம். ஆனால் சாவி, அலமாரி, ஏன், நான் கை ஊன்றியிருந்த மேசைகூட அங்கிருந்து வந்ததுதானே! அவற்றை ஒருநாளும் அடித்ததில்லை. தமிழ் என்றே நம்பியிருந்தேன்.

பக்கத்துக் கொல்லத்தில்தான் 1578இல், போர்த்துகீசிய மறைநூலைத் தமிழாக்கி ‘தம்பிரான் வணக்கம்’ என்று அச்சிட்டார் அண்டிரிக் பாதிரியார். என் தொழிலுக்கு அவர் முன்னோடி.

மறுநாள் இளைஞரின் கட்டுரையில் மறுபடியும் ‘ஜன்னல்’. பேனாவை மூடி வைத்தேன்.