பரோடாவில் ஒரு கணக்கர்

இரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரிவோருக்குப் 'பாஸ்' என்னும் செல்வம் ஒன்று உண்டு. அதன் துணையால் சென்ற குளிர்காலத்தில் மனைவியாருடன் மும்பையிலிருந்து பரோடாவுக்குப் புறப்பட்டோம். வடோதரா என்று இப்போது வழங்கும் அந்நகரம் ஏறத்தாழ 390 கிலோமீட்டர் தொலைவிலுள்ளது.

புறப்படுமுன் இல்லத்தில் ஒரு சிறு பூசல். கடைத்தெருவில் வாங்கிய பிளாஸ்டிக் மலர்க்கொத்து ஒன்றை அவர் தொலைக்காட்சிப் பெட்டியருகே வைத்திருந்தார். "மணமில்லாத பூ எதற்கு?" என்று கடிந்துகொண்டோம். "வெயில் எட்டிப் பார்க்காத இந்தக் குவார்ட்டர்ஸில் வேறு எந்தப் பூ இருக்கும்?" என்றார். சூரத் வரும் வரையில் பேச்சில்லை.

பரோடாவில் முதலில் லட்சுமி விலாஸ் அரண்மனை வளாகத்து அருங்காட்சியகத்தில் இரவிவர்மாவின் மூல ஓவியங்களைக் கண்டோம். கும்பகோணத்தில் பிறந்த சர் டி. மாதவராவ் 1875 முதல் 1882 வரை இச்சமஸ்தானத்தின் திவானாக விளங்கியவர். ஓவியங்களை அச்சிட்டால் எளியோர் இல்லங்களையும் அவை எட்டும் என்று இரவிவர்மாவுக்கு யோசனை கூறியவரும் அவரே. 1894-இல் பம்பாயில் அச்சகம் தோன்றிற்று. நம் பூசையறைப் படங்களுக்கும் காலண்டர்களுக்கும் மூலம் இதுவே.

அத்தகைய மலிவான சாமிப் படங்களை வெட்டி ஒட்டிக் கலையுலகில் அடியெடுத்து வைத்தவர் பூபேன் கக்கர். 1934-இல் பம்பாயில் பிறந்து, பட்டயக் கணக்கராகத் தேர்ந்து, 1962-இல் பரோடா பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் புலத்துக்கு வந்தார். அங்கே பயின்றது கலை விமரிசனம். தூரிகை பிடிக்கத் தாமே கற்றுக்கொண்டார். வயிற்றுப்பாட்டுக்குக் கணக்கெழுதும் வேலையையும் நெடுங்காலம் விடவில்லை. 2003-இல் இந்நகரிலேயே மறைந்தார்.

நண்பர் ஒருவர் இல்லத்தில் அவருடைய படத்தொகுப்பைப் புரட்டினோம். மேனாட்டில் 'பாப்' ஓவியம் பரவிய காலம் அது. அமெரிக்காவில் ஆண்டி வார்ஹால் கடையில் விற்கும் சூப் டப்பாக்களை 1962-இல் வரைந்து பெயர் பெற்றார். கக்கரோ சரக்கோடு நிற்கவில்லை. கடைக்குள் அமர்ந்திருக்கும் மனிதரையும் வரைந்தார். 1972-இல் தீட்டிய 'ஜனதா வாட்ச் ரிப்பேரிங்' என்னும் படத்தில் கடிகாரங்களுக்கு நடுவே பழுது பார்ப்பவர். 'டீலக்ஸ் டெய்லர்ஸ்' படத்தில் தையற்காரர். உதவிக் கணக்கர் ஒருவரையும் விடவில்லை. விளம்பரப் பலகையின் பளீரென்ற வண்ணங்களில் அவர்கள் திகழ்கிறார்கள். ஆயினும் ஏளனம் சிறிதுமில்லை. ஆடவரை நேசிக்கும் தம் இயல்பையும் பிற்காலத்தில் மறைக்காமல் தீட்டினார். தந்தையும் மகனும் கழுதையும் வரும் பழங்கதையை வைத்து அவர் 1981-இல் வரைந்த 'எல்லோரையும் மகிழ்விக்க இயலாது' என்னும் ஓவியம் இலண்டன் டேட் கலைக்கூடத்தில் உள்ளது.

அந்தத் தையற்காரர் படம் 2017-இல் இலண்டனில் 11 இலட்சம் பவுனுக்கு மேல் ஏலம் போயிற்றாம்! ஒரு சட்டை தைக்கக் கூலி பேரம் பேசும் நமக்கு, அதைக் கேட்டபோது வியப்பைவிட வெட்கமே மிகுந்தது.

ஏட்டைப் புரட்டுகையில் நடுவயது மனிதர் ஒருவர் கையில் மலர்க்கொத்துடன் தோன்றினார். படத்தின் பெயர் 'பிளாஸ்டிக் மலர்க்கொத்துடன் ஒரு மனிதர்'. மனைவியார் நம்மைப் பார்த்தார்; ஒன்றும் சொல்லவில்லை. அம்மனிதரின் முகத்தில் இருந்த தனிமையைக் கண்டபின் நமக்கும் சொல்ல ஒன்றுமில்லை.

பரோடா வழியே செல்லும் அன்பர்கள் ஒரு நாளேனும் அங்கே தங்குவார்களாக. அரண்மனையை மட்டுமன்றி, கடைத்தெருவையும் நின்று பார்ப்பார்களாக.

மும்பை திரும்பியதும், எட்டு ஆண்டுகளாக நம் கைக்கடிகாரத்தைப் பழுது பார்த்துத் தருபவரிடம் முதன்முறையாகப் பெயர் கேட்டோம். இல்லத்தில் அந்த மலர்க்கொத்தின்மீது படிந்திருந்த தூசியை நாமே துடைத்து வைத்தோம்.